அம்புக்குறி எதை எண்ணுகிறது?

சென்ற ஆகஸ்டில் என் பெரியம்மா தம் கைபேசியை என்னிடம் நீட்டினார். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்று சொல்லும் வாட்ஸாப் செய்தி அதில் இருந்தது. மின்னஞ்சல் காலத்திலிருந்தே சுற்றிவருகிற, யுனெஸ்கோ ஒருபோதும் அறிவிக்காத செய்தி அது. அதன் மேல் ஓரத்தில் சிறியதாக இரட்டை அம்புக்குறி. "ரெண்டு அம்பு போட்டு வந்திருக்கு பாரு. இத்தனை பேர் அனுப்பினது பொய்யாவா இருக்கும்?" என்று கேட்டார்.

எச்சரிக்கையாக வைக்கப்பட்ட குறியை அவர் சான்றிதழாகப் படித்துவிட்டார். அதில் அவருடைய தவறு ஒன்றுமில்லை. அந்தக் குறி என்ன சொல்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் யூடியூப் பயன்படுத்துவோர் 44.8 கோடி, ஃபேஸ்புக் பயன்படுத்துவோர் 41 கோடி, வாட்ஸாப் பயன்படுத்துவோரோ 53 கோடி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலை சரிந்த பிறகு, கணினியைத் தொட்டே பார்க்காத கோடிக்கணக்கானோர் நேராகக் கைபேசி வழியே இணையத்துக்குள் வந்தார்கள். அவர்களில் பலருக்கு இணையம் என்பதே குடும்பக் குழுவும், பள்ளித் தோழர் குழுவும், தெருக் குழுவும்தான். எனவே ஃபார்வர்டு என்ற செயல் உள்ளே எப்படி நடக்கிறது என்பது, ஓட்டுச்சீட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பதைப் போலவே இந்நாட்டில் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று நான் கருதுகிறேன்.

வாட்ஸாப்பில் நாம் எழுதும் செய்தி நம் கைபேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் கைபேசியில்தான் திறக்கப்படுகிறது. 2016 ஏப்ரல் முதல் எல்லாச் செய்திகளுக்கும் நடைமுறையில் இருக்கும் இந்த மறையாக்கத்தில், இடையில் நிற்கும் சர்வர் பூட்டிய பெட்டியைக் கைமாற்றிவிடும் தபால்காரர் மட்டுமே. படமோ காணொளியோ என்றால் சற்று வேறு விதமாக நடக்கிறது. அனுப்புபவரின் கைபேசி அந்தக் கோப்புக்கென்று தனியாக ஒரு சாவியை உருவாக்கி, கோப்பைப் பூட்டி, பூட்டிய கோப்பைச் சர்வரில் ஏற்றிவைக்கிறது. பெறுபவருக்குப் போவது அந்தப் பெட்டி இருக்கும் இடமும் அதற்கான சாவியும் அடங்கிய ஒரு சிறு குறிப்புதான். அந்தப் படத்தை நாம் ஃபார்வர்டு செய்யும்போது பெரும்பாலும் மறுபடி எதுவும் ஏற்றப்படுவதில்லை. அதே பெட்டிக்கான முகவரியும் சாவியும்தான் அடுத்தவருக்குப் போகின்றன. பத்து எம்.பி. காணொளியைக்கூட கண்ணிமைக்கும் நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடிவதற்குக் காரணம் இதுவே. முதன்முறை அனுப்பும்போது சுழன்று சுழன்று காக்க வைக்கும் வட்டம், ஃபார்வர்டு செய்யும்போது பெரும்பாலும் வருவதே இல்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம்.

இந்தக் குறிப்போடு ஓர் எண்ணும் சேர்ந்து செல்கிறது. ஒருவர் தாமே எழுதி அனுப்பும்போது அந்த எண் சுழியம். அதைப் பெற்றவர் ஃபார்வர்டு செய்தால் ஒன்று, அவரிடமிருந்து பெற்றவர் மறுபடி ஃபார்வர்டு செய்தால் இரண்டு என்று கைமாறும்தோறும் ஏறிக்கொண்டே போகும். சுழியத்தைத் தாண்டியதும் ஒற்றை அம்புக்குறி தோன்றும். ஐந்தைத் தொட்டதும் இரட்டை அம்புக்குறியாகும். இந்த எண்ணும் மறையாக்கத்தின் பூட்டுக்குள்தான் பயணிக்கிறது என்று நிறுவனம் சொல்கிறது; அதைப் படித்து அம்பு வரைவது நம் கைபேசியில் உள்ள செயலி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த எண் அளப்பது சங்கிலியின் நீளத்தை, அகலத்தை அல்ல. ஒருவர் தாம் எழுதியதை ஆயிரம் பேர் உள்ள குழுவில் போட்டால், ஆயிரம் பேர் படித்தும் எண் சுழியத்திலேயே நிற்கும். மாறாக, எழுதியவரைத் தவிர ஐந்தே பேர் ஒருவர்பின் ஒருவராக ஃபார்வர்டு செய்த செய்தி அடுத்த நபரிடம் இரட்டை அம்போடு போய்ச் சேரும். அதாவது அந்தக் குறி "இத்தனை பேர் சொன்னார்கள்" என்று சொல்லவில்லை; "இதை எழுதியவர் உங்களிடமிருந்து குறைந்தது ஐந்து கை தள்ளி இருக்கிறார், அவரை உங்களுக்கு அநேகமாகத் தெரியாது" என்று சொல்கிறது. அனுப்பிய அத்தை மகனை நமக்குத் தெரியும் என்பதால் செய்தியையும் நம்புகிறோமே, அந்த நம்பிக்கையைத்தான் அம்புக்குறி கேள்வி கேட்கிறது.

இந்தக் குறி பிறந்த கதை வேதனையானது. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தை ஒன்றைத் தூக்கிச் செல்லும் காணொளி 2018இல் இந்தியாவெங்கும் பரவியது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் இறுதியில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, காணாமற்போகும் குழந்தைகளைப் பற்றிய ஒரு பதாகையை விரித்துக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிச் சில நொடிகளை வெட்டிவிட்டார்கள். இதுவும் இதையொத்த குரல் பதிவுகளும் செய்திகளும் சேர்ந்து அந்த ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் குடும்பத்தோடு காரில் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா கிராமத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அரசு கண்டித்தது, ஜூலை 10 அன்று ஃபார்வர்டு என்ற அடையாளம் வந்தது, அதே மாதத்தில் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற வரம்பும் அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகெங்கும் விரிந்தது. 2020 ஏப்ரலில், இரட்டை அம்பு பெற்ற செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றானது. அதன்பின் இத்தகைய செய்திகளின் எண்ணிக்கை 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது.

ஐந்து, ஒன்று என்ற சின்ன எண்கள் இவ்வளவு செய்ய முடியுமா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 பேர் கொண்ட ஒரு குழுவில் ஒரு வதந்தி விழுகிறது. 198 பேர் எதுவும் செய்வதில்லை. இரண்டு பேர் மட்டும் ஃபார்வர்டு செய்கிறார்கள். ஒவ்வொருவரும் தலா ஐந்து குழுக்களுக்கு அனுப்பினால் அடுத்த அடியில் 10 குழுக்கள், அதற்கடுத்து 100, பிறகு 1,000. ஐந்தாவது அடியில் ஒரு லட்சம் குழுக்கள், அதாவது ஒரே ஆள் பல குழுக்களில் இருப்பதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் இரண்டு கோடி பேர். அதே இருவரும் தலா ஒரு குழுவுக்கு மட்டும் அனுப்பினால் 2, 4, 8, 16 என்று ஐந்தாவது அடியில் 32 குழுக்கள், 6,400 பேர். மனிதர்கள் மாறவில்லை, வதந்தியும் மாறவில்லை. மாறியது ஒரு பெருக்கல் எண் மட்டுமே. தொற்றுநோயில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்று பார்ப்பதும் இதே கணக்குத்தான். அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்கினால்தான் நோய் அடங்கும். இந்த எடுத்துக்காட்டில் அது இன்னும் இரண்டில் நிற்கிறது. அதை இரண்டிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுவர எந்தச் செயலியும் தேவையில்லை. 200 பேரில் ஒரே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் போதும்.

வரம்பு என்பது தடை அன்று, தாமதம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 'ஒரு தடவையில்' ஒன்றுதான். வேண்டுமென்று நினைப்பவர் இருபது தடவை அனுப்பலாம். பிரேசில், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பொதுக் குழுக்களிலிருந்து தரவு திரட்டி ஆய்வு செய்த கிரண் கரிமெல்லா உள்ளிட்ட ஆய்வாளர்கள், இத்தகைய வரம்புகள் பரவலை மந்தப்படுத்தினாலும் மிக வேகமாகத் தொற்றும் செய்திகளை நிறுத்திவிடுவதில்லை என்றே கண்டார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. எழுத்துச் செய்தியை நகலெடுத்து ஒட்டினால் எண் மறுபடி சுழியம். படத்தைக் கேலரியில் சேமித்து அங்கிருந்து அனுப்பினாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ அது செயலியின் கண்ணுக்குப் புத்தம் புதிய செய்தி, அம்பு இருக்காது. கராச்சிக் காணொளியை வெட்டியவரின் கையிலும் எண் சுழியத்திலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

ஆனால் படம் தன் வரலாற்றை முழுவதுமாக மறைத்துவிட முடியாது. ஜேபெக் முறையில் ஒரு படத்தைச் சுருக்கும்போது, அது எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சதுரத்திலும் பெரிய ஒளி வேறுபாடுகள் காக்கப்பட்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகள் தோராயமாக்கி உதறப்படுகின்றன. வானம், முகம் போன்ற மென்மையான பரப்புகளில் இந்த இழப்பு தெரியாது. கூர்மையான விளிம்புகளில், குறிப்பாக எழுத்துகளைச் சுற்றி, கொசு மொய்ப்பதுபோல் மங்கலான புள்ளிகள் எழும். பொறியாளர்களும் அதைக் கொசுவின் பெயராலேயே அழைக்கிறார்கள். நிறத் தகவல் இன்னும் முரட்டுத்தனமாகக் குறைக்கப்படுவதால் நீலப் பின்னணியில் உள்ள சிவப்பு எழுத்தின் சாயம் கசிந்ததுபோல் தெரியும். அதே படத்தை அதே அளவில் அப்படியே மறுபடி சுருக்கினால் கூடுதல் சேதம் அதிகமிராது. ஆனால் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார், இன்னொருவர் ஓரத்தைக் கத்தரிக்கிறார், மூன்றாமவர் தம் குழுவின் பெயரை மேலே பதிக்கிறார். ஒவ்வொரு முறையும் படத்தின் அளவு மாறி, எட்டுப் புள்ளிச் சதுரங்கள் வேறு இடத்தில் விழுகின்றன, புதிதாக ஒரு சுற்று இழப்பு ஏற்படுகிறது. முன்பே சொன்னதுபோல, ஃபார்வர்டு செய்யும்போது அதே பூட்டிய பெட்டிதான் கைமாறுகிறது என்பதால் அதில் இந்தச் சிதைவு நேர்வதில்லை. ஆகவே அம்புக்குறி இல்லாமல், அதே சமயம் எழுத்துகள் மங்கிப்போய் வரும் ஒரு படம், பல கைகளைக் கடந்து வந்திருக்கவும் அதன் எண் இடையில் அழிக்கப்பட்டிருக்கவும் வாய்ப்பு மிக அதிகம்.

சட்டத்துக்கும் இதே சிக்கல்தான். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், ஐ.ஐ.டி. மெட்ராஸின் பேராசிரியர் காமகோடி, செய்தியோடு அதைத் தொடங்கியவரின் அடையாளத்தையும் இணைத்து அனுப்ப முடியும் என்று யோசனை சொன்னார், ஐ.ஐ.டி. பம்பாயின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அது பயன்தராது என்று மறுத்தார். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் 'முதல் தொடக்குநரை' அடையாளம் காட்டும் வசதி வேண்டும் என்றன. அதை எதிர்த்து வாட்ஸாப் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொடக்குநர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரே தொடக்குநராகக் கருதப்படுவார் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. இதைக் கராச்சிக் காணொளியோடு பொருத்திப் பாருங்கள். கேலரியிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பிய ஒவ்வொருவரும் ஒரு புதிய சங்கிலியின் தலைவர். அந்த முறை பிடித்துக் கொடுக்கப்போவது வெட்டியவரையா, அல்லது கிராமத்துக் குழந்தைகளை நினைத்துப் பதறி, நல்ல எண்ணத்தோடு அனுப்பிய ஒரு தாயையா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எல்லோருடைய கடிதப் பூட்டையும் தளர்த்துவதற்கு இது போதுமான பலன் அல்ல என்பது என் துணிபு.

உள்ளடக்கத்தைக் கொண்டு தேடும் வழி ஒன்று இருக்கிறது. பயனர்கள் தாமாக முன்வந்து சந்தேகப் படங்களை அனுப்பக்கூடிய உதவி எண்களை 2019 பொதுத் தேர்தலிலிருந்து செய்தி சரிபார்ப்போர் நடத்திவருகிறார்கள். அங்கு வரும் படத்தைச் சிறிதாக்கி, நிறத்தை நீக்கி, எந்தப் பகுதி வெளிச்சம், எந்தப் பகுதி இருள் என்பதை மட்டும் ஒரு குறுகிய எண்வரிசையாக மாற்றலாம். நுண்ணிய விவரங்களை அந்த எண்வரிசை முதலிலேயே உதறிவிடுவதால், எத்தனை முறை மங்கினாலும் அது பெரிதாக மாறுவதில்லை. பழைய வதந்தியின் எண்வரிசையோடு பொருந்திவிட்டால், முன்பே எழுதிய விளக்கம் சில நொடிகளில் திரும்பிப் போகும்.

இவற்றையெல்லாம் பெரியம்மாவிடம் ஒரு மாலை முழுக்கச் சொன்னேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது எப்படி என்று மட்டும் மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டார். சென்ற வாரம் மருத்துவமனைப் பெயர் போட்ட ஒரு கஷாயக் குறிப்பு குடும்பக் குழுவில் வந்தது. அரை மணி நேரம் கழித்து அதன்கீழ் அவருடைய குரல் பதிவு வந்தது: "தம்பி, இதுல அம்பு ஒண்ணுமில்ல. ஆனா எழுத்தைச் சுத்திக் கொசு மொய்க்குது. இது உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"