குரோமைட்டை உருக்கினால் என்ன வரும்?

"குரோமைட் தாதுவை உலையில் உருக்கி குரோமியம் எடுக்கிறார்கள்." ஒரே மாதத்தில் இந்த வாக்கியத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டேன். கடைசியாகக் கேட்டது தமிழ்க்குரல் கொடுத்த ஒரு விளக்கப்படத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமா சேலம் இரும்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். "மண்ணை உருக்குனா உருகுன மண்ணுதான் வரும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போய்விட்டார். அவருக்கு அதோடு விஷயம் முடிந்தது. எனக்கு முடியவில்லை.

ஆங்கிலத்தில் இதை ஸ்மெல்டிங் என்பார்கள். மெல்ட், ஸ்மெல்ட் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டாவது டச்சு, கீழ்ஜெர்மன் பக்கமிருந்து வந்தது. அங்கே அதற்கும் உருக்குவது என்றுதான் பொருள். வேரை மட்டும் பார்த்தால் நம் மொழிபெயர்ப்பாளர் மேல் குற்றமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் காலப்போக்கில் இரண்டுக்கும் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மெழுகும் பழைய பித்தளையும் மெல்ட். கல்லிலிருந்து உலோகம் எடுத்தால் ஸ்மெல்ட். நம்மவர்கள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு 'உருக்குதல்' என்று மூடிவிட்டார்கள். தமிழில் உருகு தன்வினை, உருக்கு பிறவினை. இறுகியிருப்பதை இளகவைப்பது. அவ்வளவுதான் அந்தச் சொல்லின் வேலை.

குரோமைட் என்ற பெயருக்கு வேர் கிரேக்கத்தின் 'குரோமா', அதாவது நிறம். 1797-ல் சைபீரியாவின் சிவப்பு ஈயத்தாதுவை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் வோக்லான் குரோமியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதன் உப்புகள் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று நிறம் நிறமாக இருந்ததால் இந்தப் பெயர். குரோமைட் மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். நம் பக்கம் அறியாத கல் இல்லை. சேலம் மக்னசைட் குன்றுகளின் பாறையில் கறுப்புத் துகளாக உண்டு. 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்து இப்போது நாமக்கல்லுக்குப் போய்விட்ட சித்தம்பூண்டியில் படலம் படலமாகவே கிடக்கிறது. ஆனால் இந்தியாவின் குரோமைட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒடிசாவில்தான், பெரும்பாலும் சுகிந்தா பள்ளத்தாக்கில்.

அங்கே மேல்மண்ணை ஒதுக்கி, படி படியாக வெட்டி இறங்குகிறார்கள். உதிரியாக வரும் தாதுவை அரைத்து, தண்ணீரோடு சுருள் தடங்களில் ஓடவிடுகிறார்கள். குரோமைட் தண்ணீரைப்போல் நாலரை மடங்கு கனம், கூட வரும் மண் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கனமானது ஒதுங்கும், லேசானது அடித்துக்கொண்டு போகும். அரிசியில் கல் அரிக்கும் அதே கணக்கு. இதைப் 'புவிஈர்ப்பு முறையில் அடர்ப்பித்தல்' என்று எழுதுகிறார்கள். அரித்தல் என்று வீட்டுக்கு வீடு ஒரு சொல் இருக்கிறது. சரி, அது இன்னொரு நாள் சண்டை.

அரித்த பொடியைக் கட்டியாக்கி, கோக் கரியும் குவார்ட்சைட் கல்லும் சேர்த்து, மின்சாரத்தில் சூடேறும் மின்வில் உலையில் போடுகிறார்கள். பெரிய கரி மின்முனைகள் சரக்குக்குள் புதைந்து நிற்கும். சூடு 1,600 டிகிரிக்கு மேல். ஒரு டன் உலோகம் எடுக்க மூவாயிரம், நாலாயிரம் யூனிட் மின்சாரம் ஆகும். இங்கேதான் 'உருக்கி' என்ற சொல் ஆளை ஏமாற்றுகிறது. கேட்பவர் கோக் கரியை அடுப்புக்கரி என்று நினைத்துக்கொள்வார். சூட்டை மின்சாரம் தருகிறது. கரியின் முக்கிய வேலை வேறு. குரோமைட்டில் இரும்பும் குரோமியமும் ஆக்சிஜனோடு பிணைந்து கிடக்கின்றன. கரி அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக வெளியே போகிறது. மிஞ்சிய இரும்பும் குரோமியமும் சேர்ந்து அடியில் இறங்கும், கிட்டம் என்கிற உருகிய கழிவு மேலே மிதக்கும். வருவது தனிக் குரோமியம்கூட இல்லை. ஃபெர்ரோகுரோம் என்ற கலவை. அதில் குரோமியம் அறுபது சதவீதம் சுமார், கரி ஆறு முதல் எட்டு. கரியில்லாமல் வெறும் சூடு ஏற்றினால் 2,000 டிகிரி தாண்டி குரோமைட்டும் உருகத்தான் செய்யும். ஆறினால் மறுபடி ஆக்சிஜனைக் கட்டிக்கொண்ட அதே கறுப்புக் கல். மாமா சொன்னது அதைத்தான்.

தனிக் குரோமியம் வேண்டுமென்றால் பாதையே வேறு. சோடா உப்போடு காற்றில் வறுத்து, மஞ்சளாகக் கரைவதைத் தண்ணீரில் இறக்கி, அதைப் பச்சை ஆக்சைடாக மாற்றி, அலுமினியப் பொடியோடு எரியவிடுவார்கள். தாதுவை உருக்கும் படியே இதில் கிடையாது. பிறகு அந்த விளக்கப்படத்து வாக்கியம் எதைச் சொல்கிறது?

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது நல்ல எதிர்வாதம் வைத்தார். "வெண்ணெயை உருக்கித்தானே நெய் எடுக்கிறோம்? ஒன்றை உருக்கினால் இன்னொன்று வருகிறதே." பள்ளிப் பாடநூல்கள் 'உருக்கிப் பிரித்தல்' என்று எழுதுவதும் இந்த வழியில்தான். யோசித்துப் பார்த்தேன். வெண்ணெயில் நெய் நெய்யாகவே இருக்கிறது. தண்ணீரும் மோரும் கூட ஒட்டிக்கொண்டிருக்கின்றன, சூடு அவற்றை விலக்குகிறது. குரோமைட்டில் உலோகம் உலோகமாக இல்லை. ஆகவே உவமை முக்கால் தூரம் வந்து நின்றுவிடுகிறது. 'பிரித்தல்' சேர்ந்திருப்பதால் பாடநூல் சொல்லைப் பொறுத்துக்கொள்ளலாம். 'பிரித்தல்' என்பதை வெட்டிவிட்டு 'உருக்கி' என்று மட்டும் வைக்கிறார்களே, அவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்குப் பிடித்த சாட்சி சேலம் பக்கத்துக் கஞ்சமலை. அங்கே கிடைக்கும் கருமணல்தான் இரும்புத்தாது. அதை வைத்து இந்த ஊர்க்காரர்கள் களிமண் உலையில், துருத்தி ஊதி, கரியோடு இரும்பு எடுத்தார்கள். அந்த உலையில் இரும்பு உருகவே இல்லை! இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். அந்தச் சூடு அங்கே வராது. கிட்டம்தான் உருகி ஓடும், இரும்பு பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையான கட்டியாக உள்ளே தங்கும். அதைச் சம்மட்டியால் அடித்துச் சுத்தம் செய்வார்கள். அப்புறம் அந்த இரும்பை ஆவாரங்குச்சியோடு குகை என்கிற சின்ன மண்பாத்திரத்தில் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, நிஜமாகவே உருக்குவார்கள். அதுதான் உருக்கு, அதாவது எஃகு. சேலத்து இரும்புத்தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை போட்ட ஜோசையா மார்ஷல் ஹீத் இந்த வேலையை விவரித்திருக்கிறார். ஆக நம் ஆட்களின் கையில் இரண்டு வேலையும் தனித்தனியாக இருந்தன. தாதுவிலிருந்து எடுப்பது ஒன்று, எடுத்ததை உருக்குவது இன்னொன்று.

முதல் வேலைக்கு நான் வைக்கும் சொல் காய்ச்சுதல். பாகு காய்ச்சுகிறோம், உப்பு காய்ச்சுகிறோம், எண்ணெய் காய்ச்சுகிறோம். போட்டது ஒன்று, சூட்டில் வந்தது வேறொன்று என்ற பொருள் அதில் ஊறியிருக்கிறது. உருக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'கரியோடு காய்ச்சியெடுத்தல்' என்றால் ஆக்சிஜனைப் பிடுங்கும் ஆளும் சொல்லுக்குள் வந்துவிடுகிறார். மாமாவுக்கு மட்டும் ஒரு தயக்கம். "காய்ச்சறதுன்னா நம்ம ஊர்ல சாராயம்னு நினைப்பாங்கடா." நினைக்கட்டும். அதுவும் ஒன்றைப் போட்டு வேறொன்றை எடுப்பதுதான்.

இன்னொரு கூட்டம் குரோமியத்துக்கே 'நீலிரும்பு' என்று பெயர் வைத்துக்கொண்டு திரிகிறது. அது நீலமும் இல்லை, இரும்பும் இல்லை. ஃபெர்ரோகுரோம் பற்றி எழுத வந்தால் 'இரும்பும் நீலிரும்பும் கலந்தது' என்று எழுத வேண்டிவரும். படிக்கிற பையன் இரண்டு வகை இரும்பு என்றுதான் எழுதிக்கொள்வான். தூய்மை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெயர்ச்சொல்லைக் கடன் வாங்கினால் குடி முழுகாது. வினைச்சொல்லைத் தப்பாக வைத்தால் வேலையே தப்பாகப் புரியும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெயருக்கு மல்லுக்கட்டுகிறார்கள், வினைக்கு அகராதியில் கிடைத்த முதல் சொல்லைப் போட்டுவிட்டு நகர்கிறார்கள்.

பத்திரிகையில் 'சேலம் உருக்காலை' என்றும் பஸ்ஸில் 'இரும்பாலை' என்றும் சொல்கிறோமே, அதில் பத்திரிகைக்காரர் சொல்வது சரி. தொடக்கத்தில் அங்கே எவர்சில்வர் தகடு உருட்டினார்கள்; பிற்பாடு உருக்கும் பிரிவும் வந்தது. பழைய இரும்போடு ஃபெர்ரோகுரோம் போட்டு உருக்குவது அங்கேதான். தாது அந்த வாசலுக்கு வருவதில்லை. ஆகவே அந்த விளக்கப்படக்காரர் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "ஒடிசாவில் குரோமைட்டைக் கரியோடு காய்ச்சி ஃபெர்ரோகுரோம் எடுக்கிறார்கள். சேலத்தில் அதை இரும்போடு உருக்கி எவர்சில்வர் செய்கிறார்கள்."