கரை மறைஞ்ச பிறகு ஆருக்குக் கேக்கும்?

முல்லைத்தீவுக் கரையில இருந்து விடியக்காலமை வள்ளத்தில கிழக்கால போகேக்க ஒருக்கா திரும்பிப் பாருங்கோ. முதல்ல மணல் மறையும், பிறகு இழுத்து வைச்ச வள்ளங்கள், பிறகு வாடிக் கூரைகள், கொஞ்சம் செல்ல பனையின்ர வட்டு மட்டும் தண்ணிக்கு மேல கறுப்பா நிக்கும், அதுவும் போனாப் பிறகு போன் ரவர் மட்டும் ஊசி மாதிரி தெரியும். இது தூரத்தில மங்கிப் போறது மட்டும் இல்லை. பூமி வளையிறதால எல்லாம் அடியில இருந்து மேலயா ஒவ்வொண்டா தண்ணிக்குப் பின்னால இறங்குது. கடலில நிண்டு உதவி கேக்கிற கதை முழுக்க இந்தக் காட்சிக்குள்ளதான் இருக்கு.

கணக்கா சொன்னா, வள்ளத்தில இருக்கிற ஆளின்ர கண் தண்ணியில இருந்து 1 மீற்றர் உயரம் எண்டா அவருக்குத் தெரியிற கடல் 3.6 கிலோமீற்றர்தான். 20 மீற்றர் பனையின்ர வட்டு 20 கிலோமீற்றர் கிட்ட வரைக்கும் தெரியும், 60 மீற்றர் ரவரின்ர நுனி 31 கிலோமீற்றர் வரைக்கும். போனும் வோக்கியும் அனுப்பிற அலையும் கிட்டத்தட்ட இதே மாதிரி நேர்கோட்டிலதான் போகும், கண்ணுக்குத் தெரியிறதை விடக் கொஞ்சம் கூட வளையும், அவ்வளவுதான். அதால கடலில தகவலைக் கொண்டு போறது பவரை விட உயரம்.

இதை நான் விளங்கிக்கொண்டது போன வருசம் ஆவணியில. கனடாவில இருந்து பெரியம்மான்ர மகன் வந்து நிண்டவர், தூண்டில் போட ஆசை எண்டு சொல்ல அஞ்சு பேரா வெளிக்கிட்டம். ஆடி ஆவணி எண்டா எங்கட பக்கக் கடல் குளம் மாதிரி கிடக்கும், வெளிநாட்டில இருந்து சனம் வாற காலமும் அதுதான், ஆனா ஒரு விசயத்தைக் கனபேர் யோசிக்கிறேல்லை, சோளகம் தென்மேற்கால வாற காத்து, முல்லைத்தீவுக் கரை வடகிழக்கைப் பாத்துக் கிடக்கு, அப்ப காத்து தள்ளுறது கரையில இருந்து வெளிக்கடலுக்கு. இஞ்சின் நிண்டா கரைக்கு ஒதுங்க மாட்டியள், ஓடிக்கொண்டே போவியள். எங்கட இஞ்சின் நிண்டது பெற்றோலுக்க தண்ணி. போனில ரெண்டு கோடு காட்டுது, கோல் எடுத்தா போகுதில்லை, திருப்பித் திருப்பி அடிக்கிறம், கட் ஆகுது. வள்ளக்கார அண்ணைதான் அணியத்தில ஏறி நிண்டு போனைத் தலைக்கு மேல பிடிச்சு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினவர். அது போச்சு. ஒண்டரை மணித்தியாலத்தில அவற்ற மருமோன் வந்து கட்டி இழுத்தவர்.

ரெண்டு கோடு இருந்தும் ஏன் கோல் போகேல்லை? போனில தெரியிற கோடு ரவரின்ர சத்தம் எங்களுக்கு எவ்வளவு கேக்குது எண்டதை மட்டும்தான் காட்டுது, எங்கட சத்தம் ரவருக்குக் கேக்குதா எண்டதை இல்லை. ரவர் பெரிய பவரில கத்துது, போன் சின்ன பற்றரியில முணுமுணுக்குது. அதோட பழைய 2ஜி முறையில 35 கிலோமீற்றர் எண்டு ஒரு எல்லையே கிடக்கு, ஏனெண்டா ஒவ்வொரு போனுக்கும் ரவர் ஒதுக்கிற நேரம் செக்கனில சின்னத் துண்டு, அதை விடத் தூரத்தில இருந்து வாற அலை பிந்தி வந்து அடுத்த ஆளின்ர நேரத்துக்க விழுந்திடும். எஸ்எம்எஸ் மட்டும் போனது, அது சின்னன், கோல் மாதிரி தொடர்ந்து இணைப்பு நிக்கத் தேவையில்லை, ஒரு சின்ன இடைவெளி கிடைச்சாக் காணும். இருந்த இடத்தில இருந்து எழும்பி நிண்டு கையை உயத்தினா அண்ரனா 1 மீற்றரில இருந்து 2 மீற்றருக்கு மேல போகுது, அந்த நேரத்தில அது பெரிய வித்தியாசம்.

இன்னொண்டு, போனில இருக்கிற ஜிபிஎஸ்சுக்கு சிம்மும் தேவையில்லை ரவரும் தேவையில்லை. அது வானத்தைக் கேக்கிறது மட்டும்தான், ஒண்டும் அனுப்பிறதில்லை. அதால எஸ்எம்எஸ்சில "இஞ்சின் நிண்டுட்டு கெதியா வாங்கோ" எண்டு மட்டும் அடிக்காமல் ஜிபிஎஸ் காட்டுற இடத்தின்ர இலக்கத்தையும் போடுங்கோ, 9.31, 81.02 எண்டு ரெண்டு எண் காணும், புள்ளிக்குப் பிறகு ரெண்டு இலக்கம் சொன்னாலே ஒரு கிலோமீற்றர் அளவுக்கு இடம் பிடிபடும். நேரத்தையும் போடுங்கோ. நீரோட்டம் ஒரு நொட் வேகம் எண்டா ஒரு நாளில 44 கிலோமீற்றர் போயிருப்பியள், பழைய இடத்தில வந்து தேடி என்ன செய்யிறது. 2024 மார்கழியில ரோஹிங்கியாச் சனம் நூறு பேருக்கு மேல ஒரு படகில முள்ளிவாய்க்கால் கடலுக்கு வந்து சேந்ததை எங்கட ஆக்கள் மறந்திருக்க மாட்டினம், தொழிலுக்குப் போனவைதான் கண்டவை. கண்ணில படுறது எண்டது அவ்வளவு பெரிய விசயம்.

போனுக்கு அடுத்தது விஎச்எஃப் கடல் ரேடியோ, கையில பிடிக்கிற வோக்கி மாதிரி, 5 அல்லது 6 வாற்ஸ். சனல் 16, 156.8 மெகாஹேட்ஸ், உலகம் முழுக்க ஆபத்துக்கு எண்டு வைச்ச சனல். போனில ஒரு ஆளுக்குத்தான் கேக்கும், இதில அந்தச் சுத்துவட்டாரத்தில ரேடியோ போட்டு வைச்சிருக்கிற எல்லாக் கப்பலுக்கும் கேக்கும், கிட்ட நிக்கிறவன்தான் முதல் வருவான். மேடே (உயிராபத்து எண்டு சொல்லுற கூப்பாடு) எண்டு மூண்டு தரம், வள்ளத்தின்ர பேர், இடம், என்ன நடந்தது, எத்தினை பேர், பிறகு பட்டனை விட்டிட்டு கேளுங்கோ, அமத்திக்கொண்டு இருந்தா மறுமொழி வராது. பெரிய செற்றுகளில சிவப்பு மூடிக்குக் கீழ ஒரு பட்டன் இருக்கும், அதைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடிச்சா சனல் 70 இல வள்ளத்தின்ர 9 இலக்க நம்பரும் ஜிபிஎஸ் இடமும் தானாப் போகும், வாய் திறக்கத் தேவையில்லை. ஆனா இதுவும் நேர்கோடுதான். ரெண்டு சின்ன வள்ளத்துக்கு இடையில 10 கிலோமீற்றர், கரையில 30 மீற்றர் அண்ரனா இருந்தா 27 கிலோமீற்றர் கிட்ட.

பலநாள் படகுகளில வைச்சிருக்கிற எச்எஃப் ரேடியோ வேற சாதி. அந்த அலை மேல போய் அயனோஸ்பியர் எண்ட உயரத்துக் காத்துப் படையில பட்டு வளைஞ்சு திரும்பி வாறதால நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டும், ஆனா அதுக்கு நீட்டு அண்ரனாவும் பெரிய பற்றரியும் வேணும், தூண்டில் போடப் போற வள்ளத்துக்கு அது சரிவராது.

எனக்கு உண்மையா வியப்பா இருந்தது சற்றலைற் பீக்கன், ஆபத்து எண்டா நேர சற்றலைற்றுக்குச் சைகை அனுப்பிற கருவி. பெரியம்மான்ர மகன் இந்தமுறை கொண்டு வந்தது பிஎல்பி எண்டு சொல்லுறது, சேட் பொக்கற்றுக்க போகும். அண்ரனாவை விரிச்சு பட்டனை அமத்தினா 406 மெகாஹேட்ஸில ஏறக்குறைய 50 செக்கனுக்கு ஒருக்கா, அரைச் செக்கன் அளவுக்கு ஒரு சின்னக் கத்தல். பவர் 5 வாற்ஸ். கவனிச்சுப் பாருங்கோ, அதே 5 வாற்ஸ் வோக்கி பக்கவாட்டில 10 கிலோமீற்றர் போகக் கஷ்டப்படுது, இது மேல 20,000 கிலோமீற்றருக்கு மேல நிக்கிற சற்றலைற்றுக்குக் கேக்குது. மேல பாத்தா மறைக்கிறதுக்கு பூமி இல்லை.

பீக்கனின்ர கத்தலைச் சற்றலைற்றால கேட்டு மீட்பு ஆக்களுக்குச் சொல்லுற இந்த ஒழுங்குக்குப் பேர் கொஸ்பாஸ்-சார்சாற், அதை 1979 இல அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் நாலும் சேந்து தொடங்கினவை, அதுவும் பனிப்போர் நேரத்தில. 1982 புரட்டாதி 10, கனடாவில விழுந்த ஒரு சின்ன விமானத்தில இருந்த மூண்டு பேரைக் கண்டுபிடிச்சது சோவியத் சற்றலைற். அப்ப பீக்கனுக்க ஜிபிஎஸ் இல்லை, பிறகு எப்பிடி இடம் தெரிஞ்சது? ஏ9 றோட்டில பஸ் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வரேக்க சத்தம் கீச்செண்டு கேக்கும், எங்களைத் தாண்டின உடன தடிச்சுப் போகும், ஹோர்ன் மாறேல்லை, பஸ்சின்ர ஓட்டம்தான் மாத்துது. தாழ்வாச் செக்கனுக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில பறக்கிற அந்தக் காலச் சற்றலைற்றுக்கும் பீக்கனின்ர சத்தம் அப்பிடி மாறும், அந்த மாற்றத்தை வைச்சு கிட்டத்தட்ட எந்த இடம் எண்டு கணக்குப் போட்டிடுவினம். இப்ப ஜிபிஎஸ்சும் உள்ளுக்க இருக்கு, நூறு மீற்றர் அளவுக்குப் பிடிபடும். கிட்ட வந்தாப் பிறகு 121.5 மெகாஹேட்ஸில இன்னொரு மெல்லிய சத்தம், அதைப் பிடிச்சுக்கொண்டு ஹெலியோ கப்பலோ நேர வரலாம். பிஎல்பி 24 மணித்தியாலம் தாங்கும், படகில பூட்டிற பெரிய வகை ஈபேர்ப் 48. ஈபேர்ப் தானா மிதந்து நிக்கும், பிஎல்பியை நீங்கள்தான் அண்ரனா வானத்தைப் பாக்க, தண்ணியில தாழாமல் பிடிச்சுக்கொண்டு இருக்கோணும். களைச்சுப் போவியள், மாறி மாறிப் பிடியுங்கோ.

சற்றலைற் போன் நல்லதுதானே எண்டு கேப்பியள். கதைக்கலாம், அது பெரிய பலம். ஆனா இலங்கையில ரேடியோக் கருவி எதுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர அனுமதி வேணும், மன்னார்ப் பக்கம் எண்டா இந்தியா எட்டின தூரம், அங்க அனுமதியில்லாமல் சற்றலைற் போன் வைச்சிருந்தா பிடிச்சு வழக்குப் போடுவினம். காத்தில இழுபட்டுப் போய் எல்லை தாண்டின வள்ளத்தில அது இருந்தா ஆபத்துக்கு மேல ஆபத்து. வோக்கியோ பீக்கனோ வாங்க முதலும் அனுமதியை விசாரியுங்கோ.

கடைசியா வெளிச்சம். பரசூட் றொக்கற் 300 மீற்றர் மேல போய் 40 செக்கன் சிவப்பா எரிஞ்சு இறங்கும், அந்த உயரத்துக்கு தெளிஞ்ச இரவில 60 கிலோமீற்றர் வரைக்கும் பூமியின்ர வளைவு மறைக்காது. சண்டைக் காலத்தைக் கண்ட வன்னிச் சனத்துக்கு வானத்தில பரா வெளிச்சம் எண்டா நெஞ்சு பதறும், அதை எழுதேக்க எனக்கும் பதறுது. கடலில சிவப்பு எரிஞ்சா அது ஒருத்தர் உயிருக்குக் கேக்கிறது எண்டு எங்கட பிள்ளையளுக்காவது சொல்லிக் குடுக்கோணும். பகலில ஒரு சின்னக் கண்ணாடியும் காணும், வெய்யிலை அந்தப் பக்கம் திருப்பினா கனதூரத்துக்கு மின்னும்.

பீக்கனைப் பதியாமல் வைச்சிருந்தா பாதி வேலைதான். ஒவ்வொண்டுக்கும் தனி நம்பர், அதுக்க நாட்டின்ர குறியீடு. முல்லைத்தீவுக் கடலில எங்கட பிஎல்பியை அமத்தினா தகவல் கொழும்பில கடற்படை நடத்திற மீட்பு நிலையத்துக்கும் போகும், பதிஞ்ச நாடு எண்டதால கனடாவுக்கும் போகும், அங்க இருந்து அவசரத் தொடர்புக்குக் குடுத்த நம்பருக்கு அடிப்பினம், உண்மையா ஆபத்தோ பிழையா அமத்துப்பட்டதோ எண்டு கேக்க. நாங்கள் ஸ்காபரோவில இருக்கிற அண்ணியின்ர நம்பரையும் வட்டுவாகலில இருக்கிற மாமியின்ர நம்பரையும் குடுத்திருக்கிறம். போற நாளில எத்தினை பேர், எந்த வள்ளம், எத்தினை மணிக்குத் திரும்புவம் எண்டு ஒரு பேப்பரில எழுதி மாமியின்ர கலண்டருக்குப் பக்கத்தில ஒட்டிப்போட்டுத்தான் வெளிக்கிடுறது. மாமிக்குச் சொல்லியும் வைச்சிருக்கு, இங்கிலிசில கோல் வந்தா வைச்சிடாதேங்கோ, அந்தப் பேப்பரைப் பாத்து "முல்லைத்தீவு, அஞ்சு பேர், போட்" எண்டு மட்டும் சொல்லுங்கோ, அது காணும் எண்டு.