டிராக்டர் பெட்டியில் எதை ஏற்றலாம், யாரை ஏற்றக் கூடாது?

நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிட்டு வருகிற அதே டிராக்டர், மறுவாரம் யாரோ வீடு கட்டச் செங்கல் ஏற்றிக்கொண்டு போகும். நமக்கு இரண்டும் ஒரே வண்டிதான். சட்டத்துக்கு அப்படி இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் அபராதம் கட்டுகிறவர்களைவிட, விபத்து நடந்தபின் நிலத்தை விற்க வேண்டிய நிலைக்கு வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, வேளாண் டிராக்டரைப் 'போக்குவரத்து அல்லாத வாகனம்' என்று வைத்திருக்கின்றன. அதனால்தான் சொந்தக் கார் போல வெள்ளை நம்பர் பிளேட். பெர்மிட் வேண்டாம், லாரிக்கு எடுப்பதுபோல எஃப்.சி. (தகுதிச் சான்று) வேண்டாம், பதிவு 15 ஆண்டு செல்லும். விளைச்சல், விதை, உரம், வைக்கோல், உழவுக் கருவி என்று விவசாயத்தை ஒட்டிய பொருள்களுக்காகக் கொடுத்த சலுகை இது.

ஜல்லி, செங்கல், கம்பி என்று வாடகைக்கு ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி வண்டி சரக்கு வாகனமாகிவிடும். அப்போது மஞ்சள் பிளேட், பெர்மிட், எஃப்.சி. மூன்றும் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. வாடகைக்கு ஏற்றுவதையே பிழைப்பாக வைத்திருப்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வணிகப் பயன்பாட்டுக்குப் பதிவை மாற்றிக்கொள்வதே நல்லது. செலவு கூடும்தான், ஆனால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏரி வண்டல் மண்ணில் இன்னும் கவனம் தேவை. தமிழ்நாட்டில் சொந்த நிலத்துக்கு வண்டல் எடுக்கக் காசு கட்ட வேண்டாம். தாசில்தாரிடம் அனுமதி வாங்கினால் போதும். அனுமதிச் சீட்டு டிரைவர் கையிலேயே இருக்கட்டும். அந்த மண்ணைச் சூளைக்கு விற்றால் அது கனிமக் கடத்தல். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி வண்டியையே பறிமுதல் செய்யலாம்.

அடுத்தது பெட்டி. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு எண், தனி ஆர்.சி. உண்டு. பட்டறையில் பெட்டி வாங்கும்போது விலை பேசுவதற்கு முன்பே, பதிவு செய்வதற்கான சான்றிதழ் தருவீர்களா என்று கேளுங்கள்.

லைசென்ஸில் குழப்பம் தீர்ந்துவிட்டது. வெற்று எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிராக்டருக்கு எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும். பெட்டி மாட்டியதால் அந்த லைசென்ஸ் செல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லிவிட்டது. பாரத்தையும் சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வாகனங்களுக்கும் எல்.எம்.வி. போதும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. பதினெட்டு நிரம்பாத பையனிடம் மட்டும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

இனி நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம்: பெட்டியில் ஆள் ஏற்றுவது. நடவுக்குப் போகும் பெண்கள் பெட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, கால் தொங்க உட்கார்ந்து போவது நமக்குப் பழகிய காட்சி. அந்தப் பலகையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இருக்காது. அவர்களில் ஒருவர் விழுந்தால் யார் பணம் கொடுப்பது? 2007-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். விவசாயத்துக்கென்று இன்சூரன்ஸ் எடுத்த டிராக்டரைச் செங்கல் சூளைக்கு மண் ஏற்ற ஓட்டியிருக்கிறார்கள். அதில் போன கூலித் தொழிலாளிக்குப் பலத்த காயம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றே நீதிமன்றம் சொன்னது. தொழிலாளியின் வறுமையைப் பார்த்துத் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. கடைசியில் சுமை உரிமையாளர் தலையில்தான். ஆகவே ஆள்களுக்கு வேன் வையுங்கள், அல்லது பஸ் காசு கொடுத்துவிடுங்கள்.

கரும்பு ஏற்றுகிறவர்களுக்கு: அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், இறக்கும் செலவும் உங்களுடையது. சரக்கு அளவுக்கு மீறிப் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே 20,000. ஆனால் அபராதத்தைவிட அந்த நீட்டல்தான் பயம். இரவில் தோகை தொங்கிப் பின் விளக்கை மூடிவிடும். பின்னால் பைக்கில் வருகிறவருக்கு இருட்டோடு இருட்டாகத்தான் பெட்டி தெரியும். பாரம் ஏற்றியபின் பத்தடி பின்னால் போய் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு ஒளிர்பட்டை பளிச்சென்று தெரியவில்லை என்றால் அது மண் பூசிப் போயிருக்கும், அல்லது கரும்பு மறைத்திருக்கும். துடைக்க ஒரு ஈரத்துணி போதும்.

இன்சூரன்ஸ் தாளை இன்றே எடுத்துப் பாருங்கள். டிராக்டர் எண்ணுக்குக் கீழே டிரெய்லர் எண்ணும் இருக்கிறதா, பயன்பாடு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எண் இல்லையென்றால் ஏஜென்டிடம் சொல்லி, அடுத்த லோடுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.