‘எனக்கு வரைய வராது’ என்று சொல்லும் ஒன்பதாம் வகுப்பு

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘பிடித்ததை வரையுங்கள்’ என்று தாளைக் கொடுத்தால், பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பிள்ளைகள் தினம் பார்ப்பது கண்மாயும் கருவேலமும். ஆனால் சின்ன வகுப்பில் யாரோ கரும்பலகையில் போட்டுக் காட்டியதைக் கை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. சிலர் அதையும் போடாமல் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்கள். “சார், எனக்கு ட்ராயிங் சுத்தமா வராது.”

இதைப் பெற்றோரும் சக ஆசிரியர்களும் அப்படியே நம்பிவிடுவதுதான் என் கவலை. சின்னக் குழந்தைகள் எல்லோரும் கூச்சமில்லாமல் வரைகிறார்கள். 13, 14 வயதில்தான், தான் போட்ட மாடு மாடு மாதிரி இல்லை என்பது பிள்ளைக்கே உறைக்க ஆரம்பிக்கிறது. தவறைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கண் தேறிவிட்டது, திருத்தும் வழியை யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வயதில் சொல்லித்தராவிட்டால் பலர் அதோடு பென்சிலை வைத்துவிடுகிறார்கள். வரைய வராது என்று சொல்லும் அதே பெண் மார்கழியில் புள்ளி பிசகாமல் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறாள். அவளுக்குக் கையில் குறையே இல்லை.

நான் தொடங்குவது ஒரு சொம்பை வைத்து. மேசையில் வைத்து வரையச் சொன்னால், வாயை முழு வட்டமாகப் போடுவார்கள், அடியில் ஒரு நேர்கோடு இழுப்பார்கள். வாய் வட்டம் என்பது அவர்களுக்குத் தெரியும், மேசை தட்டை என்பதும் தெரியும். தெரிந்ததை வரைகிறார்கள், பார்த்ததை அல்ல. அதை வாயால் விளக்கிப் பயனில்லை. சொம்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். வாய் ஒரு கோடாகிவிடும். மெல்ல இறக்கினால் கோடு திறந்து நீள்வட்டமாகும், இன்னும் இறக்கினால் அகலும். அப்படியானால் கண்ணிலிருந்து இன்னும் கீழே இருக்கும் அடிப்பாகம் எப்படித் தெரிய வேண்டும்? வாயைவிட அதிகமாக வளைந்து. அந்த நேர்கோட்டை அழித்து வளைத்ததும், தாளில் சொம்பு உட்காரும். வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையில் இருக்கிறேன்.

முகமும் இதே கதைதான். கண்களை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் கண் இருக்கிறது என்பதைப் பக்கத்து மாணவனின் தலையில் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தால்தான் நம்புவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வரைய வராதவனிடம், நாற்காலியை விட்டுவிட்டுக் கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களை மட்டும் வரையச் சொன்னால் நாற்காலி தானாக வந்துவிடும்.

முடிந்தால் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போங்கள். சமணக் குடைவரையின் விதானத்தில் இருக்கும் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குள ஓவியம் நிறைய சிதைந்துவிட்டது. இருந்தாலும், மொட்டு, பாதி விரிந்தது, முழுதாய் மலர்ந்தது என்று பூக்கள் வேறுவேறாக இருப்பது பிள்ளைகள் கண்ணுக்கே படும். குளத்தை நின்று பார்த்தவன் வரைந்தது அது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் படத்தின் மேல் உங்கள் பென்சிலை வைக்காதீர்கள். மூக்கை நீங்கள் திருத்திக் கொடுத்தால் படம் அழகாகிவிடும், பிள்ளை மட்டும் அங்கேயே நிற்கும். காட்ட வேண்டுமென்றால் வேறு தாளில் வரைந்து காட்டுங்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காமல் விடுவது. இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டும் பையனை ‘கவனம் இல்லை’ என்று திட்டுவதற்கு முன்பு யோசியுங்கள். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறை பிறவியிலேயே சிலருக்கு உண்டு, ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பார்வை கூர்மையாகவே இருப்பதால் வீட்டில் தெரியாது, ஓவிய வகுப்பில்தான் முதலில் வெளிப்படும். புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டைகளைக் கொண்டு கண் மருத்துவர் சில நிமிடங்களில் சோதித்துவிடுவார். ரயில் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்கு நிறப்பார்வை கட்டாயம் என்பதால், பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பையனை வகுப்பில் எல்லோர் முன்பும் கேட்காதீர்கள். அவன் வண்ணப் பென்சில்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுத்தால் போதும், தடையின்றித் தீட்டுவான்.

பெற்றோர் என்ன வாங்கித் தர வேண்டும் என்று கேட்கிறார்கள். பெரிய வண்ணப் பெட்டி இப்போது வேண்டாம். 2பி பென்சில் ஒன்று, நிழலுக்கு அதைவிடக் கருமையான 6பி பென்சில் ஒன்று, கோடு போடாத நோட்டு ஒன்று. பழைய படங்களைக் கிழிக்க விடாமல், ஒவ்வொன்றிலும் தேதி போடச் சொல்லுங்கள்.