பத்து மணி வரையா, பத்து மணிக்கா?

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தொலைபேசி வழியே ஸ்பானிஷ்–ஆங்கிலம் மொழிபெயர்ப்பது என் வேலை. வாயில் நுழையாத மருத்துவச் சொற்களில் நான் அதிகம் சறுக்கியதில்லை. சந்தேகம் வந்தால் அகராதி இருக்கிறது. சறுக்கியதெல்லாம் 'வரை', 'இப்போது', 'எட்டு நாள்' மாதிரிப் பொடிச் சொற்களில்தான். அவற்றில் சந்தேகமே வராது, அதுதான் வில்லங்கம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெக்சிகோ அம்மா. டிஸ்சார்ஜ் நேரம். மருந்துச் சீட்டை எந்தக் கடைக்கு அனுப்பலாம் என்று நர்ஸ் கேட்டார். வீட்டுப் பக்கத்துக் கடையைச் சொல்லிவிட்டு அந்த அம்மா, "ஆப்ரே ஆஸ்தா லாஸ் தியெஸ்" என்றார். பாடப் புத்தகத்தில் 'ஆஸ்தா' என்றால் 'வரை'. பத்து மணி வரை திறந்திருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "அப்படியானால் முதல் மாத்திரையை இன்று இரவே போட்டுவிடுங்கள்" என்றார் நர்ஸ். அதை ஸ்பானிஷில் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "கடை பூட்டியிருக்குமே, சென்யோரித்தா." மெக்சிகோ பேச்சில் இந்த 'ஆஸ்தா' தலைகீழாக நிற்கும்: பத்து மணிக்குத்தான் திறப்பார்கள், அதற்கு முன்னால் இல்லை. எது சொன்னாலும் சரி என்கிற ஆளாக அவர் இருந்திருந்தால் அன்றைய மாத்திரை போயிருக்கும்.

இப்போதெல்லாம் அந்தச் சொல் வந்தால், "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறார்" என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். (நோயாளி பேசுவதை 'நான்' என்றே சொல்கிறோம். அதனால் எங்களை நாங்களே படர்க்கையில்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் சிரிப்பு வரும்.)

கேட்காமல் விட்டதன் விலை என்ன என்பதற்கு எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் வழக்கு 1980-இல் ஃப்ளோரிடாவில் நடந்தது. 18 வயது வில்லி ராமிரெஸை நினைவிழந்த நிலையில் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்த குடும்பத்தார் 'இன்டாக்ஸிகாதோ' என்ற சொல்லைச் சொன்னார்கள். கியூபா ஸ்பானிஷில் அது, உண்டதோ குடித்ததோ உடம்புக்குக் கேடு செய்தது என்ற பொருளில் வரும். ஆங்கிலக் காதில் 'இன்டாக்ஸிகேட்டட்' என்று விழுந்தது, அதாவது போதை. அளவுக்கு மீறிய போதைமருந்து என்று சிகிச்சை நடந்துகொண்டிருக்க, மூளையில் கசிந்த ரத்தத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கை கால் நான்கும் செயலிழந்தன. சமரசத் தொகை சுமார் 7.1 கோடி டாலர். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே ஒலியோடு ஒரு சொல் வந்தால் எனக்கு இன்றும் உடம்பு விறைக்கும்.

'எம்பராசாதா' என்றால் கர்ப்பிணி, ஆங்கில 'எம்பாரஸ்ட்' போலக் கூச்சப்படுபவள் அல்ல என்பது பழைய ஜோக். 'கொன்ஸ்திபாதோ' கொஞ்சம் மோசம்: ஸ்பெயின்காரர் சொன்னால் சளி, லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் மலச்சிக்கல். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமல் வாய் திறக்கக்கூடாது.

நாள் கணக்கில் மட்டும் தமிழ்க் காது எனக்குக் கைகொடுத்தது. 'ஓச்சோ தியாஸ்', எட்டு நாள், என்றால் அவர்களுக்கு ஒரு வாரம். 'கின்ஸே தியாஸ்', பதினைந்து நாள், என்றால் இரண்டு வாரம். நாமும் "பதினஞ்சு நாள்ல வரேன்" என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலத்தில் எண்ணை அப்படியே போட்டால் திங்கள்கிழமை அப்பாயின்ட்மென்ட் செவ்வாய்க்குப் போய்விடும். அதனால் கிழமையையும் தேதியையும் சொல்லி உறுதிப்படுத்தச் சொல்வேன். ஆங்கிலத்தின் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே'வும் இதே ரகம்தான். வரும் வெள்ளியா, அதற்கு அடுத்ததா?

மருந்துப் புட்டி லேபிளில் இன்னொரு கண்ணி. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்பதற்கான 'ஒன்ஸ்' என்ற சொல்லின் அதே நான்கெழுத்து ஸ்பானிஷில் 'ஓன்ஸே', அதாவது பதினொன்று. பாதி ஆங்கிலம், பாதி ஸ்பானிஷாக அச்சான லேபிளில் அது நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1 என்று எண்ணாகவே போடச் சொல்லி மன்றாடுவேன்.

போன வாரம் ஒரு தாத்தாவிடம், மாத்திரை போட்டாயிற்றா என்று நர்ஸ் கேட்டார். "அவோரித்தா" என்றார் அவர். சொல்லுக்குச் சொல் 'இப்போதே'. ஆனால் அது நம் 'இதோ வந்துட்டேன்' போலத்தான், சொல்கிற ஆள் இன்னும் குளித்திருக்கக்கூட மாட்டார். எத்தனை மணிக்கு என்று விளக்கம் கேட்டேன். சீரியல் முடிந்ததும் என்றார். நர்ஸ் சிரித்துக்கொண்டே இரவு 9 என்று எழுதிக்கொண்டார்.