மேட்டில் நிற்கும் ரயில்

"மாமா, டெல்லியில ஏர்போர்ட் மெட்ரோ மட்டும் பறக்குது, மத்ததெல்லாம் ஏன் உருளுது?" லீவுக்குச் செங்கோட்டை வந்திருந்த தங்கை மகன் கேட்டான். எல்லாம் மோட்டார் பவர் என்பது அவன் கட்சி.

சரி, கணக்குப் போட்டோம். ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 22 மீட்டர். நிற்கிறவர்கள் விழாமலிருக்க, நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் வேகம் கூட்டலாம். முழு வேகம் எட்ட 250 மீட்டர், நிற்க 250 மீட்டர். ஸ்டேஷன்கள் 1 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மிஞ்சுவது பாதிதான். ஸ்டேஷனில் நிற்கும் அரை நிமிடத்தையும் சேர்த்தால் சராசரி 37. இடைவெளி 2 கிலோமீட்டர் என்றால் அதே ரயில் 50ஐத் தொடும். ஏர்போர்ட் லைனில் புது டெல்லி முதல் துவாரகா செக்டார் 21 வரை, சுமார் 23 கிலோமீட்டருக்கு, 6 ஸ்டேஷன்தான். உச்ச வேகமும் அங்கே 120. (எங்கள் ஊரிலும் நிறுத்து என்று மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான். அது வேறு கதை.)

அடுத்தது வளைவு. செங்கோட்டையிலிருந்து கேரளத்துக்குப் போகும் மலைப்பாதையில், பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு விளக்க வேண்டாம். இன்ஜினே கண்ணில் படும், வண்டி ஊர்ந்துதான் போகும். லண்டனில் மலை இல்லை. ஆனால் கட்டடங்களுக்கு அடியில் தோண்டினால் சொந்தக்காரர்களுக்குப் பணம் கொடுக்கணுமே என்று, 1900இல் திறந்த சென்ட்ரல் லைன் என்ற சுரங்க ரயில் பாதையைத் தெருக்களுக்கு அடியிலேயே கொண்டுபோனார்கள். தெரு வளைந்த இடத்தில் சுரங்கமும் வளைந்தது. பேங்க் ஸ்டேஷனில் பிளாட்பாரமே வளைவு.

அதே லைனில்தான் எனக்குப் பிடித்த சங்கதியும் இருக்கிறது. ஸ்டேஷன்களை மேட்டில் வைத்தார்கள். வரும்போது 60 அடிக்கு 1 அடி ஏற்றம். கிளம்பும்போது 30 அடிக்கு 1 அடி இறக்கம். மேட்டில் சைக்கிளை மிதிக்காமல் விட்டால் பிரேக் இல்லாமலே வேகம் குறையுமே, அதுதான். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் ரயில் 3 மீட்டர் ஏறினாலே 42க்கு வந்துவிடும். குறைந்த இயக்க ஆற்றல் எங்கும் போகவில்லை. ஆட்கள் ஏறி இறங்கும் நேரமெல்லாம் நிலை ஆற்றலாக அந்த மேட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கதவு மூடிக் கிளம்பியதும் இறக்கம் அதைத் திருப்பித் தரும். முன்பு சொன்ன அந்த 1 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கைப் புவியீர்ப்பே கொடுத்துவிடுகிறது! கரண்ட் மிச்சம். பிரேக் சூடு குறைவதால் சுரங்கத்தில் வெக்கையும் குறைவு.

"அப்ப ஆரியங்காவுல ஏறுனது தென்மலைக்கு இறங்கையில திரும்பக் கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் அந்த வளைவுகளில் அதை வேகமாக்க விடமாட்டார்கள். இறங்கும் வழியெல்லாம் பிரேக்தான்.