கிராஸ் ஸ்டிச்: குறுக்குத் தையலா, சிலுவைத் தையலா?

துணியின் கண்களை எண்ணி, ஒவ்வொரு கட்டத்திலும் நூலை மூலைக்கு மூலை இருமுறை செலுத்திப் பெருக்கல் குறி போன்ற வடிவத்தை உண்டாக்கி, அவ்வடிவங்களை அடுக்கியே ஓர் உருவத்தை முழுமையாக்கும் பூத்தையலுக்குக் கிராஸ் ஸ்டிச் என்று பெயர். கிறிஸ்துமஸுக்குக் கையாலேயே வாழ்த்து அட்டை செய்ய விரும்புவோர் மரம், மணி, விண்மீன், பனிப்பூ போன்ற சிறு உருவங்களை இம்முறையில் தைத்து அட்டையில் பதிப்பதால், 'கிராஸ் ஸ்டிச் கிறிஸ்துமஸ் கார்டு' என்னும் தொடர் தமிழிலும் அப்படியே புழங்குகிறது. இந்நான்கு சொற்களில் தமிழாக்குவோரைத் தடுமாற வைப்பது முதற்சொல் ஒன்றுதான்.

இரண்டாவதான 'ஸ்டிச்' சிக்கலற்றது. பழைய ஆங்கிலத்தில் அதன் முன்வடிவத்துக்குக் குத்து, துளைப்பு என்பதே பொருள். ஓடும்போது விலாவில் சுருக்கென்று குத்தும் வலிக்கும் ஆங்கிலத்தில் இன்றுவரை இதே பெயர்தான். தையலைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லான 'ஷ்டிஹ்' குத்துதலையே குறிக்கிறது. பிரெஞ்சின் 'புவான்', இத்தாலியத்தின் 'புந்தோ' ஆகியவையும் குத்தப்பட்ட புள்ளி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. தமிழோ யாரிடமும் கடன் வாங்காமல் இதே எண்ணத்தை அடைந்திருக்கிறது. காலில் முள் தைத்தது, மார்பில் அம்பு தைத்தது என்று சொல்லும்போது வரும் 'தை' என்னும் வினைதான் சட்டை தைப்பதிலும் உள்ளது. ஆகவே ஸ்டிச் என்பதற்குத் 'தையல்' என்பதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டியதில்லை. (பழைய இலக்கியத்தில் தையல் என்பது பெண்ணையும் அழகையும் குறிக்கும், அது தனிக்கதை.)

இனி 'கிராஸ்'. இலத்தீனில் 'குருக்ஸ்' என்பது தண்டனைக்குரிய மரத்தைக் குறித்தது. அச்சொல் அயர்லாந்து, ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் சிலுவையையும், பின்னர் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் எந்த இரு கோடுகளையும், அதன்பின் கடத்தல் என்னும் செயலையும் குறிக்கலாயிற்று. தமிழில் இப்பொருள்கள் ஒரே சொல்லுக்குள் அடங்கவில்லை. சமயச் சின்னத்துக்குச் சுரியானி மொழியின் 'ஸ்லீபா'விலிருந்து வந்த 'சிலுவை'யும், போர்த்துகீசிய 'குரூஸ்' தந்த 'குருசு'ம் உள்ளன. வெட்டிச் செல்லும் கோட்டுக்கோ 'குறுக்கு' என்னும் சொல் உள்ளது. ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடப்பதைத் தமிழில் பிரித்தே சொல்ல வேண்டும் என்பதால்தான் 'சிலுவைத் தையல்' என்று ஒரு சாராரும் 'குறுக்குத் தையல்' என்று மற்றொரு சாராரும் எழுதுகின்றனர்.

தமிழ் இதற்கு முன் எப்படிப் பிரித்தது என்று பார்த்தால் வழி தெரியும். சின்னமே பெயருக்குக் காரணமான இடத்தில் செஞ்சிலுவைச் சங்கம் என்றோம்; சின்னத்துக்கு வேலையில்லாத இடங்களில் குறுக்கு விசாரணை, குறுக்கெழுத்துப் போட்டி என்றோம். தையலில் சின்னம் எதுவும் இல்லை. நூல் நூலைக் கடக்கிறது, அவ்வளவே. சங்கிலித் தையல், காம்புத் தையல், மீன்முள் தையல் என வடிவத்தைப் பார்த்தே தையல்களுக்குப் பெயரிடும் வழக்கப்படி பார்த்தாலும், இத்தையலின் கைகள் சாய்ந்திருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் சிலுவையின் தோற்றம் இதற்கில்லை. கூட்டல் குறிபோல் நிமிர்ந்து நிற்கும் வேறொரு தையலும் உண்டு. சிலுவை என்ற பெயரை இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன சொல்வது?

கிறிஸ்துமஸ் அட்டையில் இடம்பெறுவதால் சிலுவை என்பதே பொருத்தம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் சிலுவை நினைவூட்டுவது கிறிஸ்துவின் இறப்பை. கிறிஸ்துமஸோ பிறப்பு விழா. 1843ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரைவித்து அச்சிட்ட, விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையில்கூட ஒரு குடும்பத்தின் விருந்தும், இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் அளிக்கும் காட்சிகளும்தான் இருந்தன. இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும்: ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸைச் சுருக்கி எழுதும்போது முதலில் வரும் பெருக்கல் குறி போன்ற எழுத்து, கிரேக்கத்தில் கிறிஸ்து என்னும் பெயரின் முதலெழுத்தே அன்றி, பலர் நினைப்பதுபோல் சிலுவை அன்று. தையலின் வடிவம் அந்த எழுத்தோடு ஒத்திருப்பது தற்செயல்.

'குறுக்கு' என்பதிலும் குறை இல்லாமல் இல்லை. சாலையின் குறுக்கே ஒரு கயிறு கிடந்தாலும் அது குறுக்குதான். இரண்டு கோடுகள் வேண்டும் என்பதை அச்சொல் வற்புறுத்தவில்லை. 'குறுக்கும் மறுக்கும்' என்ற பேச்சு வழக்கு அதைச் செம்மையாகச் சொல்கிறது என்றாலும், 'குறுக்குமறுக்குத் தையல்' என்பது வாயில் எளிதாக நுழையாது. ஏற்கெனவே வழக்கில் உள்ள 'குறுக்குத் தையல்' போதும் என்பதே என் முடிவு. பாதியில் நிற்கும் ஒற்றைச் சாய்வை 'அரைத் தையல்' என்று குறித்துவிட்டால், முழுமையானதில் இரண்டு உண்டு என்பது தானே விளங்கும்.

துணைச்சொற்களிலும் நம்மிடம் இருப்பவற்றையே பயன்படுத்தலாம். இதற்கென நெய்யப்படும் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கட்டங்கள் என்பதே அதன் அளவு. 11, 14, 16, 18 என வரும் அவ்வெண்களை, வலைக்குக் கண் என்று சொல்வதுபோல், '14 கண் துணி' என்று சொல்லிவிடலாம். அத்துணியில் 42 கட்ட அகலமும் 56 கட்ட உயரமும் கொண்ட படம் 3 அங்குலத்துக்கு 4 அங்குலமாக அமையும். அதை முழுவதும் நிரப்பினால் 2,352 தையல்கள். பூத்தையல் நூல் ஒன்றில் 6 இழைகள் முறுக்கப்பட்டிருக்கும். 14 கண் துணிக்கு அவற்றில் 2 இழைகளைப் பிரித்தெடுப்பது வழக்கம். நூலுக்கும் இழைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பல குறிப்புகள் கவனியாமல் '2 நூல்' என்று எழுதிவிடுவதால், புதியவர்கள் 12 இழைகளைக் கோத்துக்கொண்டு ஊசி துணிக்குள் நுழையாமல் திண்டாட நேரிடுகிறது. இரு சாய்வுகளில் முதலில் விழுவது கீழ்க்கை, அதன்மேல் விழுவது மேற்கை. மேற்கைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்தால்தான் ஒளி சீராகப் பட்டுப் படம் மினுங்கும்.

'கார்டு' என்பது பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல்லில் தொடங்கி, இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. போர்த்துகீசியர் நமக்குத் தந்த 'கடுதாசி'யும் அதே வேரினதுதான். வாழ்த்து மடல் என்பது அழகிய சொல்லாயினும், மடல் கடிதத்துக்கே உரியது. இங்கு தைத்த துணியைத் தாங்குவதற்கு விறைப்பு வேண்டும்: மூன்று மடிப்புகளில் நடு மடிப்பில் சாளரம் வெட்டி, துணியை அதன் பின்னே ஒட்டி, மூன்றாம் மடிப்பால் நூல் முனைகள் தெரியும் பின்புறத்தை மூடுவதே இதன் அமைப்பு. 19ஆம் நூற்றாண்டில் துளையிட்ட கெட்டித்தாளிலேயே நேரடியாகத் தைப்பதும் பரவலாக இருந்தது. எனவே 'அட்டை' என்பதே பொருந்தும். இரத்தம் உறிஞ்சும் அட்டையோடு யாரும் இதைக் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

கிறிஸ்துமஸ் என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்; இலங்கைத் தமிழர் போர்த்துகீசிய வழியில் 'நத்தார்' என்பர். சொற்களை அடுக்கும்போது மட்டும் சிறு கவனம் தேவை. 'கிறிஸ்துமஸ் குறுக்குத்தையல் அட்டை' என்று எழுதினால் கிறிஸ்துமஸ் தையல் என்று தனியாக ஒன்று உண்டோ என்ற ஐயம் எழும். 'குறுக்குத்தையல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை' என்று, செய்முறையை முன்னும் பொருளைப் பின்னுமாக வைத்து எழுதினால் அந்த ஐயத்துக்கு இடமில்லை.